கேள்வி கேட்டா பென்ஷன் வருமா பாஸ்?

குன்றத்தூர் முருகன் கோயில் படியை நீங்க எதுக்காக ஏறியிருப்பீங்க? அரியர் க்ளியர் ஆகணும்னு ஏறியிருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஏறியிருக்கலாம். ‘வேற’ ஒரு வேண்டுதலுக்காகவும் ஏறியிருக்கலாம்... அதை நாங்க கேட்கலை!

எண்பத்துச் சொச்சம் படிதான். மேலே போய் மூச்சு வாங்கிட்டு கிழக்கே பார்த்தா, மீனம்பாக்கத்துல இறங்குற விமானம் வரிசையா தெரியும். தெற்கே திரும்பினா பல்லாவரம், தாம்பரம்னு வீடுகளா போயிட்டே இருக்கும். அந்தத் தாம்பரத்துல இருக்கிற விமானப்படைத் தளத்துல இருந்து 2016 ஜூலை 22 காலையில 8.30 மணிக்கு ஒரு ஏ.என்-32 விமானம் கிளம்பிச்சு. போக வேண்டிய ஊர் போர்ட் பிளேர். உள்ளே 29 பேர். விமானப்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படைன்னு எல்லாரும் இருந்தாங்க. விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்குல வேலை பார்த்த சிவிலியன்கள் 8 பேரும் இருந்தாங்க.

போய்ச் சேரவே இல்லை.

இதை எதுக்கு இப்போ சொல்றேன்னு கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 29 பேர்னா 29 வீடு. அம்மா, அப்பா, மனைவி, ஸ்கூல் போற பையன், காலேஜ் போற பொண்ணு. வேலைக்குப் போனவர் வரலை, உடம்பும் வரலை. அப்போ அடுத்த மாசம் வீட்டு வாடகையை யார் கட்டுறது? இந்தக் கேள்வியை எங்கே போய்க் கேட்கிறது? கலெக்டர் ஆபீஸ்லயா, விமானப்படைத் தளத்து கேட்லயா, டி.வி. ஸ்டுடியோலயா?

கேட்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. அதுக்குப் பேர் பார்லிமென்ட். அங்கே சில எம்.பி.க்கள் கேட்டாங்க. சில சமயம் பதில் வந்தது, சில சமயம் மழுப்பல் வந்தது. கேட்ட கட்சியே ஆட்சிக்கு வந்தப்புறம் பதில் சொல்லத் திணறின கூத்தும் நடந்தது. அந்தக் கதைதான் இது. ‘ஐயோ அரசியலா’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க காலேஜ் ஃபீஸும் இதுல வருது!

சேக்கிழார் ஊர்ல ஒரு பழைய கேள்வி

குன்றத்தூர்னா இன்னொரு விஷயமும் ஞாபகம் வரணும். பெரியபுராணம் பாடின சேக்கிழார் பிறந்த ஊர் இது. ப்ளஸ் டூ தமிழ்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்திருக்கும்.

அந்தப் பெரியபுராணத்துல கோட்புலி நாயனார்னு ஒருத்தர் வர்றார். சோழனோட சேனாதிபதி. சிவனுக்குப் படைக்கிறதுக்காக நெல்லைச் சேர்த்து வெச்சுட்டு, ராஜா உத்தரவுன்னு போருக்குப் போயிடுறார். ஊர்ல பஞ்சம் வந்துடுது. சொந்தக்காரங்க பசி தாங்காம அந்த நெல்லை எடுத்துச் சாப்பிட்டுடுறாங்க. திரும்பி வந்தவர் அத்தனை பேரையும் வெட்டிடுறார். பக்தி எவ்வளவு கடுமையானதுன்னு சொல்ற கதை அது, அதை அப்படியே வெச்சுக்குவோம். ஆனா படிக்கும்போது எனக்கு எப்பவும் ஒரு இடத்துல இடிக்கும். சேனாதிபதி போர்க்களத்துல இருந்த அந்த நாட்கள்ல அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்வியைச் சோழன் சபையில யாராவது எழுப்பியிருப்பாங்களா?

இப்போ நம்ம சபைக்கு வருவோம்.

ஒரே ரேங்க்... ரெண்டு பென்ஷன்!

ரெண்டு ஹவில்தார்களை எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் வருஷம், பார்த்த எல்லையும் ஒண்ணே. ஒருத்தர் 1995ல ரிட்டயர் ஆனார். இன்னொருத்தர் 2010ல. நடுவுல சம்பள கமிஷன் வந்து சம்பளம் ஏறிடுச்சு. பென்ஷனைக் கடைசிச் சம்பளத்தை வெச்சுத்தான் கணக்குப் பண்ணுவாங்க. அதனால பின்னாடி வந்தவருக்குக் கூட, முன்னாடி போனவருக்குக் குறைச்சல். வயசு ஆக ஆக மருந்துச் செலவு ஏறும், பென்ஷன் மட்டும் அடுத்தவனைவிடக் கீழேயே நிக்கும்.

‘கவர்ன்மென்ட்ல எல்லாருக்கும் அப்படித்தானே?’ன்னு கேட்கலாம். நியாயமான டவுட். ஆனா ஒரு சிப்பாய் 35, 40 வயசுக்குள்ள வெளியே வந்துடுவார். பட்டாளத்தை இளமையாவே வெச்சிருக்கணும்ங்கிறதுக்காக அரசாங்கமே போட்ட விதி அது. தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு அந்த விதி கிடையாது. அவருக்குச் சம்பளம் உச்சத்துக்கு ஏற இன்னும் இருபது வருஷம் இருக்கு. சிப்பாய் வெளியே வர்றப்போ அவர் பிள்ளை எத்தனாவது படிக்கும்? ஆறாவதோ ஏழாவதோ. சரியா செலவு ஆரம்பிக்கிற நேரம்.

1973ல, மூணாவது சம்பள கமிஷன் சமயத்துல, படைவீரர்களுக்கு அதுவரைக்கும் இருந்த பென்ஷன் முறை மாறிச்சு. அப்போ ஆரம்பிச்சதுதான் ‘ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்’ கோரிக்கை. முப்பது வருஷத்துக்கும் மேல மனு, கமிட்டி, மனு, கமிட்டின்னு ஓடிச்சு. 2009ல வயசான படைவீரர்கள் டெல்லிக்குப் போய், வாங்கின மெடல்களைக் குடியரசுத் தலைவருக்கே திருப்பி அனுப்பினாங்க. யோசிச்சுப் பாருங்க... நாம ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே கப்பையே ஷோகேஸ்ல இருந்து எடுக்க விட மாட்டோம்!

மனு கொடுத்த எம்.பி.

அப்போ ராஜ்யசபாவுல ராஜீவ் சந்திரசேகர்னு ஒரு எம்.பி. இருந்தார். கர்நாடகாவுல இருந்து சுயேச்சையா போனவர். அப்பா விமானப்படை அதிகாரி. அதனால பட்டாளத்து வீடுன்னா என்னன்னு அவருக்கு யாரும் க்ளாஸ் எடுக்க வேண்டியதில்லை. அவர் இந்த விஷயத்தை மனுவா ராஜ்யசபா மனுக்கள் குழுவுக்குக் கொண்டு போனார்.

இப்படி ஒரு குழு இருக்கிறதே நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. இதுல சாதாரண ஆள்கூட மனு கொடுக்கலாம். ஒரு எம்.பி. மேலொப்பம் போட்டா சபைக்குப் போகும். குழு அதை எடுத்துக்கிட்டு அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேள்வி கேட்கும். டி.வி.யில வராது, மைக்கைப் பிடுங்குற சீன் எல்லாம் கிடையாது. ஆனா ஃபைலை வெச்சிருக்கிற அதிகாரி வாயைத் திறந்தே ஆகணும்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் பகத் சிங் கோஷியாரி. அப்போ எதிர்க்கட்சியா இருந்த பி.ஜே.பி.யோட எம்.பி. ஆட்சியில காங்கிரஸ் கூட்டணி. அதிகாரிகள் வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? பணம் நிறைய ஆகும், சட்டச் சிக்கல் வரும், மத்த துறைக்காரங்களும் கேட்பாங்கன்னு வழக்கமான பல்லவிதான். அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரிட்டயர் ஆனவங்களோட ரெக்கார்டுகளை 25 வருஷத்துக்கு அப்புறம் அழிச்சிடுவோம், அதனால பழைய ஆட்களுக்குக் கணக்குப் போட முடியாதாம்! ஹால் டிக்கெட் தொலைஞ்சு போச்சுன்னு நாம சொன்னா எக்ஸாம் ஹாலுக்குள்ள விடுவாங்களா?

குழு எதையும் ஏத்துக்கலை. 2011 டிசம்பர்ல தன்னோட 142வது அறிக்கையைக் கொடுத்தது. ஒரே ரேங்க்ல, ஒரே சர்வீஸ் காலத்தோட ஓய்வு பெற்றவங்களுக்கு, எந்த வருஷம் வெளியே வந்திருந்தாலும் ஒரே பென்ஷன்னு சொல்லிச்சு. பின்னாடி உயர்த்துறது எதுவா இருந்தாலும் பழைய ஆட்களுக்கும் தானா போய்ச் சேரணும்னும் சொல்லிச்சு. ஆகும் செலவா அப்போ காட்டின கணக்கு வருஷத்துக்குச் சுமார் 1,300 கோடி ரூபாய். அதுல பெரும்பங்கு அதிகாரிகளுக்குக் கிடையாது, அவங்களுக்குக் கீழே இருக்கிற ஜவான்களுக்குத்தான்.

குழுவுல எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இருந்தாங்க. எதிர்க்கட்சிக்காரர் தலைமையில ஆளுங்கட்சி எம்.பி.க்களும் உட்கார்ந்து சொன்ன பரிந்துரை அது. அதனாலதான் அதை வெறும் அரசியல்னு ஒதுக்கித் தள்ள முடியலை.

நாற்காலி மாறினா...

இனிமேதான் செம திருப்பம்.

2013 செப்டம்பர்ல ஹரியானாவுல ரேவாரிங்கிற ஊர்ல முன்னாள் படைவீரர்கள் பேரணி. பி.ஜே.பி.யோட பிரதமர் வேட்பாளரா அறிவிக்கப்பட்ட கையோட நரேந்திர மோடி அங்கே போய், ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் பத்தி அரசு வெள்ளை அறிக்கை வெளியிடணும்னு கேட்டார். 2014 பிப்ரவரி 17ல, தேர்தலுக்கு முன்னாடி வந்த இடைக்கால பட்ஜெட்ல, நம்ம சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம், கொள்கை அளவுல ஏத்துக்கிறோம்னு சொல்லி 500 கோடி ஒதுக்கினார். மூணு மாசத்துல ஆட்சி மாறிச்சு. ஜூலை பட்ஜெட்ல அருண் ஜேட்லி 1,000 கோடி ஒதுக்கினார்.

முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? கிளைமாக்ஸே இனிமேதான்.

ஒரு வருஷம் ஆகியும் உத்தரவு வரலை. எதிர்க்கட்சியா இருந்து குழுவுக்குத் தலைமை தாங்கின கட்சிதான் இப்போ ஆட்சியில. போன தடவை அரசுப் பக்கம் உட்கார்ந்திருந்த காங்கிரஸ்காரங்க இப்போ எதிர்ப் பக்கத்துல உட்கார்ந்து ‘எங்கே பென்ஷன்?’னு கேட்டாங்க. வசனம் அதேதான்... ஆர்ட்டிஸ்ட் மட்டும் மாறிட்டாங்க. 2015 ஜூன் 15ல இருந்து டெல்லி ஜந்தர் மந்தர்ல முன்னாள் படைவீரர்கள் தொடர் உண்ணாவிரதம். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், ஆகஸ்ட் 14ந் தேதி, பாதுகாப்பு காரணம்னு சொல்லி போலீஸ் அவங்களை அங்கேருந்து அகற்றப் பார்த்தது. நெஞ்சு நிறைய மெடலோட எழுபது வயசுக்காரரை போலீஸ் பிடிச்சு இழுக்கிற படம் மறுநாள் பேப்பர்கள்ல வந்தது. எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் அதைப் பார்த்துட்டு காபி உள்ளே இறங்கியிருக்காது.

செப்டம்பர் 5ல அன்னைக்குப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவிச்சார். நவம்பர் 7ல உத்தரவு வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல், 2013ல ரிட்டயர் ஆனவங்களோட பென்ஷன் அடிப்படை, 5 வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. ‘தானா ஏறணும்’னு கோஷியாரி குழு சொன்ன இடத்துல ‘5 வருஷத்துக்கு ஒருமுறை’ வந்து உட்கார்ந்துக்கிச்சு. இது நாங்க கேட்ட ஒரே பென்ஷனே இல்லைன்னு முன்னாள் படைவீரர் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 2022 மார்ச் 16ல சுப்ரீம் கோர்ட் அரசோட கொள்கையில தப்பில்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா, 2019ல பண்ண வேண்டிய மறுபரிசீலனையைப் பண்ணுங்கன்னும் உத்தரவு போட்டது. அந்த பாக்கியைத் தவணை முறையில தர்றோம்னு பாதுகாப்பு அமைச்சகம் 2023 ஜனவரியில சொன்னப்போ கோர்ட்டுக்குக் கோபம் வந்து, குடும்ப பென்ஷன் வாங்குறவங்களுக்கும் வீரதீர விருது வாங்கினவங்களுக்கும் முதல்ல கொடு, எழுபது வயசு தாண்டினவங்களுக்கு அடுத்தது கொடுன்னு கெடு வெச்சது. கெடு வைக்கிறதுக்கு முன்னாடியே காத்திருந்து காத்திருந்து செத்துப் போனவங்க எத்தனையோ பேர்.

என்னைக் கேட்டா, ரெண்டு கட்சிக்கும் இதுல பாஸ் மார்க் போட மனசு வரலை. ஆனா, எதிர்க்கட்சியில இருந்தப்போ அவங்க எழுதி வெச்ச அந்த 142வது அறிக்கை ஒரு நல்ல காரியம் பண்ணிச்சு. ஆட்சிக்கு வந்தப்புறம் ‘அப்படி நாங்க சொல்லலையே’ன்னு யாரும் நழுவ முடியலை.

உங்க காலேஜ் ஃபீஸ் கதை

இப்போ உங்க க்ளாஸுக்கே வருவோம். செமஸ்டர் ஆரம்பத்துல ஆபீஸ் ஜன்னல் முன்னாடி போனஃபைட் சர்டிஃபிகேட் வாங்க ஒரு க்யூ நிக்கும் பாருங்க. பஸ் பாஸ், எஜுகேஷன் லோன், ஸ்காலர்ஷிப்... அந்த க்யூவுல ஒரு பொண்ணோ பையனோ சத்தமில்லாம நிப்பாங்க. கேட்டா, “அப்பா ஆர்மி... இப்போ இல்லை”ன்னு அதோட நிறுத்திக்குவாங்க.

1971 போர் முடிஞ்ச கையோட, அந்தப் போர்ல உயிர் விட்டவங்க, காணாமப் போனவங்க, ஊனமானவங்களோட பிள்ளைகளுக்கு முழு டியூஷன் ஃபீஸையும் அரசே கட்டும்னு டிசம்பர் மாசம் லோக்சபாவுல அறிவிச்சாங்க. பின்னாடி சியாச்சின்ல நடந்த மேகதூத், இலங்கைக்கு அமைதிப்படை போன பவன் மாதிரியான நடவடிக்கைகளுக்கும் இதை விரிவாக்கினாங்க. 2017 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்தது. ஏழாவது சம்பள கமிஷனைக் காரணமா காட்டி, இனிமே மாசம் 10,000 ரூபாய்க்கு மேல கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.

ஸ்கூல் பிள்ளைக்கு அது போதும். இன்ஜினீயரிங், மெடிக்கல் படிக்கிற பிள்ளைக்கு? நடு செமஸ்டர்ல, ‘இவ்வளவுதான் வரும், மீதியை நீயே பார்த்துக்கோ’ன்னு சொன்ன மாதிரி ஆச்சு. கடற்படைத் தளபதியா இருந்த அட்மிரல் சுனில் லாம்பா, வரம்பை எடுங்கன்னு அன்னைக்குப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தாங்க, ராஜ்யசபாவுல கேள்வி வந்தது. இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே எழுத்துல பதில் கொடுத்தார். அதுலதான் குட்டு வெளியே வந்தது. இந்த வரம்பால அரசுக்கு வருஷத்துக்கு மிச்சமாகிற பணம் சுமார் 3 கோடியே 20 லட்சம். பாதிக்கப்படுற பிள்ளைகள் சில நூறு பேர்கூட இல்லை.

மூணு கோடி! ஒரு பெரிய ஹீரோவோட கால்ஷீட்ல நாலு நாள்கூடத் தேறாது பாஸ். லட்சக்கணக்கான கோடியில ஓடுற பாதுகாப்பு பட்ஜெட்ல அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை ஒரு எம்.பி.யோட கேள்விதான் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. 2018 மார்ச் 22ல வரம்பை நீக்கி உத்தரவு வந்தது. அரசு, அரசு உதவி பெறும், அரசு அங்கீகரிச்ச கல்வி நிறுவனங்கள்ல படிக்கணும்ங்கிற நிபந்தனையோட பழையபடி முழு ஃபீஸ். போட்ட உத்தரவு ஆறே மாசத்துல வாபஸ் ஆகிறது டெல்லியில அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

இந்தியாவுல மட்டுமா?

லண்டன்ல இதைவிட சூப்பர் சீன் ஒண்ணு நடந்திருக்கு. பிரிட்டிஷ் ராணுவத்துல கூர்க்கா படை இருக்கு இல்லையா, நேபாளத்துக்காரங்க. 1997க்கு முன்னாடி ரிட்டயர் ஆன கூர்க்காக்கள் பிரிட்டன்ல குடியேறுறதுக்கு ஏகப்பட்ட நிபந்தனை போட்டிருந்தாங்க. அந்த நாட்டுக்காகச் சண்டை போடலாம், அந்த நாட்டுல குடியிருக்க மட்டும் யோசிக்கணும்! 2009 ஏப்ரல் 29ல லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரா இருந்த நிக் கிளெக் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அது பிரதான எதிர்க்கட்சிகூட இல்லை. பெரிய எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவும் சேர்ந்துக்கிச்சு. ஆளும் லேபர் கட்சியிலேயே இருபத்தி சொச்சம் பேர் அணி மாறி ஓட்டுப் போட்டாங்க. 267க்கு 246. அரசு தோத்துப் போச்சு. மூணே வாரத்துல, மே 21ல, 4 வருஷம் சர்வீஸ் பண்ணின எல்லாக் கூர்க்காவும் குடியேறலாம்னு அறிவிப்பு வந்தது.

சபைக்கு வெளியே அந்தப் போராட்டத்துக்கு முகமா இருந்தவர் நடிகை ஜோனா லம்லி. அவரோட அப்பா கூர்க்கா ரைஃபிள்ஸ்ல அதிகாரியா இருந்தவர். இங்கே விமானப்படை அதிகாரியோட மகன், அங்கே கூர்க்கா அதிகாரியோட மகள். பட்டாளத்து வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது மறக்காது போல. கூர்க்காக்களோட பென்ஷன் பிரச்னை மட்டும் அதோட தீரலை. 2021 ஆகஸ்ட்ல பிரதமர் வீட்டுக்கு எதிர்லயே உண்ணாவிரதம் இருந்தாங்க. இங்கே ஜந்தர் மந்தர்... அங்கே டவுனிங் ஸ்ட்ரீட்.

மறுபடியும் தாம்பரம்

அந்த ஏ.என்-32க்கு வருவோம். மறுநாளே பாரிக்கர் தாம்பரத்துக்கு வந்தார். கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கின்னு வங்காள விரிகுடாவையே சல்லடை போட்டாங்க. அந்த மாசக் கடைசியில ராஜ்யசபாவுல உறுப்பினர்கள் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. விமானம் ரொம்பப் பழசா? சதி வேலையா? ஏன் ஒரு அபாய சிக்னல்கூட வரலை? சதிக்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு, திடீர்னு மறைஞ்சது தன்னையே கலங்க வைக்குதுன்னு பாரிக்கர் சொன்னார். சிக்னல் ஏதாவது பதிவாச்சான்னு அமெரிக்காகிட்டயும் கேட்டிருக்கோம்னார். ஒரு அமைச்சர் தனக்கே புரியலைன்னு சபையில ஒத்துக்கிறது அபூர்வம்.

வீட்டுக்காரங்களோட பிரச்னை வேற. காணாமப் போன ஒருத்தர் இறந்துட்டதா சாதாரணமா சட்டம் எடுத்துக்கிறதுக்கு 7 வருஷம் ஆகும். 7 வருஷம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது, குடும்ப பென்ஷன் இழுத்தடிக்கும், பேங்க்காரன் சர்டிஃபிகேட் கேட்பான். அதனால விமானப்படை விசாரணை நடத்தி, 2016 செப்டம்பர்லயே 29 பேரும் இறந்ததா கருதப்படுறாங்கன்னு குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பிச்சு. அந்தக் கடிதம் வந்தாத்தான் பணம் வரும். அந்தக் கடிதம் வந்துட்டா, அவர் திரும்பி வருவார்னு சொல்லிக்கவும் முடியாது. ஒரே கவருக்குள்ள ரெண்டும். அதைப் பிரிச்சுப் படிச்ச ஒரு அம்மாவுக்கு என்ன தோணியிருக்கும்னு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில, பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி வாகனம் சென்னைக் கரையில இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்துல, 3,400 மீட்டர் ஆழத்துல சிதைவுகளைப் படம் பிடிச்சது. அது ஏ.என்-32 விமானத்தோட பாகங்கள்தான்னு தெரிஞ்சது. தாம்பரம் - வேளச்சேரி ரோட்டுல பஸ்ல போறப்போ அந்த கேட்டைத் தாண்டித்தான் போறோம்.

ஓடுற பசங்களுக்காக...

காலையில அஞ்சரை மணிக்கு இந்தப் பக்கத்து கிரவுண்டுகள்ல எதுல போய்ப் பார்த்தாலும் பசங்க ஓடிட்டு இருப்பாங்க. 1,600 மீட்டர், புல்-அப்ஸ், கையில ஸ்டாப்வாட்ச். கிழக்குத் தாம்பரத்துக்காரர் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014ல காஷ்மீர்ல உயிரை விட்டு அசோக சக்ரா வாங்கினவர். 2024ல ‘அமரன்’ படம் வந்தப்புறம் அவர் ஃபோட்டோ இந்தப் பசங்க நிறைய பேரோட மொபைல்ல வால்பேப்பர். பரங்கிமலையில இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமி கேட்டைப் பார்த்து ஏக்கமா நிக்கிற பசங்களும் உண்டு.

2022 ஜூன்ல வந்த அக்னிபத் திட்டப்படி, ஜவானா சேர்ற பையனுக்கு 4 வருஷம். அதுக்கப்புறம் நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரம். மத்தவங்க சேவா நிதியா சுமார் 11.71 லட்சம் வாங்கிட்டு வெளியே வரணும். பென்ஷன் கிடையாது. சர்வீஸ்ல உயிர் போனா 48 லட்சம் இன்ஷூரன்ஸ், கருணைத் தொகை எல்லாம் உண்டு. ஆனா நிரந்தரச் சிப்பாயோட குடும்பத்துக்கு மாசாமாசம் வர்ற குடும்ப பென்ஷன் மாதிரி கிடையாது.

2024 ஜூலை 1ல லோக்சபாவுல எதிர்க்கட்சித் தலைவரா ராகுல் காந்தி இதைத்தான் எடுத்தார். பஞ்சாப்ல ஒரு அக்னிவீரர், அந்த ஜனவரியில கண்ணிவெடியில இறந்தவர், அந்தக் குடும்பத்துக்கு நியாயமான இழப்பீடு வரலைன்னு சொன்னார். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் எழுந்து, ஒரு கோடி ரூபாய் தர்றோம், சபையைத் தப்பா வழி நடத்தாதீங்கன்னார். ரெண்டு நாள்ல, அந்தப் பையனோட அப்பா பேசின வீடியோவை ராகுல் வெளியிட்டார். அன்னைக்கு ராத்திரியே தரைப்படை விளக்கம் கொடுத்தது. மொத்தம் சுமார் 1.65 கோடி வரும், அதுல 98.39 லட்சம் கொடுத்தாச்சு, மீதி போலீஸ் சரிபார்ப்பு முடிஞ்சதும் வரும்னு சொன்னாங்க.

யார் ஜெயிச்சாங்கன்னு டி.வி.யில ஒரு வாரம் கத்தினாங்க. என் கணக்குப்படி, எதுவும் வரலைங்கிற மாதிரி பேசினது சரியில்லை. எல்லாம் வந்தாச்சுங்கிற மாதிரி பேசினதும் சரியில்லை. ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள முக்கியமான கேள்வி காணாமப் போச்சு. ஒரே பதுங்குகுழியில, ஒரே குண்டுக்கு ரெண்டு பேர் இறந்தா, ஒரு வீட்டுக்கு பென்ஷன், இன்னொரு வீட்டுக்கு மொத்தமா ஒரு தொகை... இது எப்படி? இதை எதிர்க்கட்சி மட்டும் கேட்கலை. அதே வருஷம், ஆளுங்கட்சி எம்.பி. தலைமையில இருந்த பாதுகாப்புத் துறை நிலைக்குழுவே, உயிர் விட்ட அக்னிவீரர் குடும்பத்துக்கும் நிரந்தரச் சிப்பாய் குடும்பத்துக்குக் கிடைக்கிற பலன்களைக் கொடுங்கன்னு பரிந்துரை பண்ணிச்சு. சண்டை பெருசா செய்தியாச்சு, பரிந்துரை உள்பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி. நம்ம பொழப்பு அப்படி!

முதல் பேட்ச் அக்னிவீரர்கள் பயிற்சிக்குப் போனது 2022 கடைசி, 2023 தொடக்கத்துல. நாலு வருஷத்தைக் கூட்டிப் பாருங்க. வெளியே வர்ற அந்தப் பசங்களுக்கு உங்க வயசுதான் இருக்கும்.

குன்றத்தூர் எந்த லோக்சபா தொகுதின்னு தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர். தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் எல்லாமே அதுலதான். அந்தத் தொகுதி எம்.பி. லோக்சபாவுல என்னென்ன கேள்வி கேட்டார், அமைச்சர்கள் என்ன பதில் சொன்னாங்கன்னு சன்சத் டாட் இன் தளத்துல பேரைத் தட்டினா வந்துடும். நட்சத்திரக் குறி போட்ட கேள்வின்னா அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், எம்.பி. துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு லோக்சபாவுல அப்படி 20 கேள்விதான். குறி போடாததுன்னா எழுத்துல பதில், ஒரு நாளைக்கு 230 வரைக்கும். டியூஷன் ஃபீஸ் விஷயத்துல அந்த மூணு கோடிக் கணக்கு எழுத்துல வந்த பதில்லதான் கிடைச்சது. அமைச்சகம்ங்கிற இடத்துல ‘பாதுகாப்பு’ன்னு போட்டு ஒண்ணை எடுத்துப் படிங்க, ஒரு பக்கம்தான் இருக்கும். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டுல தாம்பரம் பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.